வாசகர் கேள்வி–பதில்: கல்லூரிக் கட்டுரைகளை வாசிப்பதும் அவற்றுக்கு மறுமொழி எழுதுவதும்

அமெரிக்கக் கல்லூரிகளில் பொறியியல் படிப்பவரானாலும் வணிகவியல் படிப்பவரானாலும் முதலாண்டில் பெரும்பாலும் ஒரு ரைட்டிங் கோர்ஸை முடித்தாக வேண்டும். பிறர் எழுதிய கட்டுரைகளை வாசித்து, அவற்றுக்கு விமர்சன நோக்கில் மறுமொழிக் கட்டுரை எழுதுவது அந்த வகுப்பின் முக்கியப் பயிற்சிகளில் ஒன்று. அது தொடர்பாக மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: சென்னையில் பிளஸ் டூ முடித்துவிட்டு இங்கே கணினி அறிவியல் முதலாண்டில் சேர்ந்திருக்கிறேன். மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை வாசித்து 'கிரிட்டிக்கல் ரெஸ்பான்ஸ்' எழுதச் சொன்னார்கள். கடிதத்தின் கருத்துகளை வரிசையாக எழுதி, இறுதியில் அவருடைய துணிச்சலைப் பாராட்டியிருந்தேன். "இது சுருக்கம்தான், மறுமொழி எங்கே?" என்று குறிப்பெழுதிப் பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிங்கை நான் எப்படிக் குறை சொல்வது?
– மாணவி, ஆஸ்டின், டெக்சாஸ்

பதில்: குறை சொல்லும்படி யாரும் உங்களைக் கேட்கவில்லை. ஒரு கட்டுரை என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கம் தெரிவிக்கிறது. அந்தக் கட்டுரை தன் கருத்தை எவ்வாறு நிலைநாட்டுகிறது, அதற்குக் காட்டும் காரணங்கள் போதுமானவையா, எந்த இடத்தில் வாசகர் ஒருவர் நின்று கேள்வி கேட்க இடமிருக்கிறது என்பவற்றை மறுமொழி ஆராய்கிறது. ஆராய்ந்த பிறகு முழு உடன்பாட்டுக்கே நீங்கள் வந்து சேர்ந்தாலும் அது விமர்சன மறுமொழிதான். உங்கள் கட்டுரையில் பாராட்டு இருந்தது. அந்தப் பாராட்டுக்கு முன் நடந்திருக்க வேண்டிய ஆராய்ச்சிதான் இல்லை.

உங்களுக்குக் கிடைத்த பாடம் இதைக் கற்றுக்கொள்ள மிகவும் ஏற்றது, ஏனென்றால் அந்தக் கடிதமே ஒரு மறுமொழி. 1963 ஏப்ரல் 12ஆம் தேதி, புனித வெள்ளியன்று, இனப்பிரிவினையை எதிர்த்து, நீதிமன்றத் தடையை மீறி ஊர்வலம் சென்றதற்காகக் கிங் கைது செய்யப்பட்டார். அதே தேதியிட்டு அலபாமா மாநிலத்தின் எட்டு வெள்ளையின மதத் தலைவர்கள், அவர்களில் ஒருவர் யூத மதகுரு, ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் கிங்கின் பெயரே இல்லை. அதன் சாரம் இது: ஆர்ப்பாட்டங்கள் விவேகமற்றவை, காலப்பொருத்தமும் இல்லாதவை. அவற்றை ஓரளவுக்கு வெளியாட்கள் நடத்துகிறார்கள். உரிமைகள் மறுக்கப்பட்டால் வழக்குமன்றங்களிலும் உள்ளூர்த் தலைவர்களிடையிலான பேச்சுவார்த்தையிலும் தீர்வு தேட வேண்டுமே தவிரத் தெருவில் இறங்கக் கூடாது. ஒழுங்கைக் காத்த காவல்துறை பாராட்டத்தக்கது. அறிக்கை அச்சாகியிருந்த செய்தித்தாளின் ஓரங்களிலேயே கிங் தம் பதிலை எழுதத் தொடங்கினார். பிறகு கிடைத்த துண்டுத் தாள்களிலும், இறுதியில் வழக்கறிஞர்கள் விட்டுச்செல்ல அனுமதிக்கப்பட்ட தாள்கட்டிலும் தொடர்ந்தார். கடிதத்தில் உள்ள தேதி ஏப்ரல் 16.

அவர் பதில் சொல்லும் முறையைக் கவனியுங்கள். தம்மைக் கண்டித்தவர்களை நல்லெண்ணம் உடையவர்கள் என்று ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகிறார். அவர்களுடைய வாதங்களைத் திரிக்காமல், ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறார். 'வெளியாள்' என்ற குற்றச்சாட்டுக்கு, உள்ளூர் அமைப்பு அழைத்ததால் வந்தேன் என்ற நடைமுறைப் பதிலை முதலிலும், ஓரிடத்தில் நடக்கும் அநீதி எல்லா இடத்து நீதிக்கும் ஆபத்து என்ற கொள்கைப் பதிலைப் பின்னரும் வைக்கிறார். பேச்சுவார்த்தையே சிறந்தது என்ற வாதத்தை அவர் மறுக்கவே இல்லை. முழுவதும் ஒப்புக்கொண்டு, பேச மறுப்பவர்களைப் பேச்சுக்கு வரவழைக்கத்தான் இந்தப் போராட்டம் என்று அதைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்கிறார். 'பொறுத்திருங்கள்' என்ற அறிவுரை வரும்போதோ, ஆங்கிலத்தில் முந்நூறு சொற்களுக்கு மேல் நீளும் ஒரே வாக்கியத்தில் கும்பல் கொலைகளையும், கேளிக்கைப் பூங்காவுக்குத் தான் ஏன் போகக் கூடாது என்று கேட்கும் ஆறு வயது மகளையும், இன்னும் பலவற்றையும் அடுக்கிக்கொண்டே போகிறார். வாக்கியம் எப்போது முடியும் என்று வாசகரையும் காத்திருக்க வைப்பது அந்த வாதத்தின் ஒரு பகுதி.

இனி உங்கள் பங்கு. எட்டுப் பேரின் அறிக்கையையும் கடிதத்தையும் அருகருகே வைத்து, எந்த வாதத்துக்கு எவ்வளவு பதில் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். பேச்சுவார்த்தை பற்றி விரிவாகப் பேசும் கிங், வழக்குமன்றத்துக்குப் போங்கள் என்ற யோசனையை அதே அளவுக்குத் தனியாக எடுத்துப் பேசவில்லை. பர்மிங்காம் நீதிமன்றங்களில் கறுப்பின மக்கள் கொடிய அநீதிக்கு உள்ளானார்கள் என்று முற்பகுதியில் ஒரு வாக்கியம் வருகிறது. பள்ளிகளில் இனப்பிரிவினையைத் தடுத்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குக் கீழ்ப்படியுங்கள் என்று தாங்களே வலியுறுத்துவதைப் பிறிதோர் இடத்தில் சொல்கிறார். நீதிமன்றங்கள் பற்றிய அந்த ஒரு வாக்கியம் போதுமான பதிலா? ஒரு சட்டத்தை மதிக்கச் சொல்லிக்கொண்டே இன்னொன்றை மீறுவதில் தெரியும் முரணை, நியாயமான சட்டம், நியாயமற்ற சட்டம் என்று அவர் செய்யும் பாகுபாடு முழுமையாகத் தீர்க்கிறதா? எது நியாயமற்றது என்று முடிவு செய்பவர் யார்? இவற்றில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, கடிதத்தின் வரிகளைச் சான்றாகக் காட்டி எழுதுங்கள். சுருக்கத்துக்குக் கால் பங்குக்கு மேல் இடம் தர வேண்டாம். மற்றொன்றும் உண்டு: நீங்கள் எழுப்பும் கேள்விக்குக் கிங் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதையும் நீங்களே எழுதிவிட வேண்டும். பேராசிரியர்கள் தேடுவது பெரும்பாலும் அந்தப் பத்தியைத்தான்.

கேள்வி: என் பெற்றோர் தஞ்சாவூர்க்காரர்கள், நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். யானையைச் சுட்டது பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய கட்டுரையை வகுப்பில் வாசித்தோம். யானை மிதித்துக் கொன்ற மனிதரை அவர் கறுத்த திராவிடக் கூலி என்று குறிப்பிடுகிறார். வகுப்பில் யாரும் அந்த இடத்தில் நின்றதாகத் தெரியவில்லை. எனக்கோ அதற்கு மேல் வாசிப்பு ஓடவில்லை. நான் எழுதிய டிராஃப்ட் முழுவதும் கோபமாக வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்கிறாள் தோழி. கோபத்தோடு மறுமொழி எழுதக் கூடாதா?
– மாணவர், நியூ ஜெர்சி

பதில்: எழுதலாம். கோபம் உங்களை ஓரிடத்தில் நிறுத்தியிருக்கிறது. மற்றவர்கள் கடந்துபோன அந்த இடம் கட்டுரையின் மிக முக்கியமான இடங்களில் ஒன்று. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் கோபம் காட்டும். அங்கே நின்று என்ன கண்டீர்கள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

முதலில் சூழலைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் பிரிட்டிஷ் காவல்துறை அதிகாரியாக இருந்தவர். கட்டுரை வெளிவந்தது 1936இல். பர்மா அப்போதும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம், 1937இல்தான் பிரிக்கப்பட்டது. மௌல்மெய்ன் நகரில் மதம்பிடித்த யானை ஒன்று ஒரு கூலித் தொழிலாளியைக் கொல்கிறது. காவல் அதிகாரி வந்து சேரும்போது யானை அமைதியாகிவிட்டது. அதைச் சுடத் தேவையில்லை என்பது அவருக்கே தெரிகிறது. பின்னால் திரண்டு நிற்கும் கூட்டத்தின் முன் முட்டாளாகத் தெரியக் கூடாது என்பதற்காகவே சுடுகிறார். ஆள்பவன் தன் முகமூடிக்குத் தானே அடிமையாகிறான் என்பது கட்டுரையின் மையக் கருத்து.

இறந்தவர் பற்றிய குறிப்புகள் எங்கெங்கே வருகின்றன, யார் வாயிலாக வருகின்றன என்று பிரித்துப் பாருங்கள். நீங்கள் சுட்டும் வருணனை கதைசொல்லியினுடையது. ஒரு கூலியைக் கொன்றதற்காக யானையைச் சுடுவதா, எந்தக் கொரிங்கிக் கூலியைவிடவும் யானைக்கு மதிப்பு அதிகம் என்ற பேச்சு, இளைய வெள்ளையர்கள் பேசியதாகக் கடைசிப் பத்தியில் தரப்படுகிறது. (கொரிங்கி என்று அங்கே குறிப்பிடப்பட்டவர்கள் காக்கிநாடாவுக்கு அருகிலுள்ள கோரிங்கா துறைமுகத்தின் பெயரால் அழைக்கப்பட்ட தெலுங்குத் தொழிலாளர்கள். ஆகவே இறந்தவரைத் தமிழர் என்று உங்கள் கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். உங்கள் வாதத்துக்கு அது தேவையும் இல்லை.) அந்தக் கூலி செத்ததில் தனக்கு மகிழ்ச்சியே, ஏனென்றால் சட்டப்படி தன் செயல் சரியாகிவிட்டது என்ற ஒப்புதல் மீண்டும் கதைசொல்லியினுடையது. வெட்கமில்லாத அந்த வாக்கியத்தை ஆசிரியர் தெரிந்தே, தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காகவே வைத்திருக்கிறார் என்று வாசிக்க எல்லா இடமும் உண்டு. யானையின் சொந்தக்காரர் கோபப்பட்டாலும் வெறும் இந்தியர் என்பதால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்ற வரியின் கசப்பும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இந்த வாசிப்பை முழு வலிமையோடு உங்கள் கட்டுரையில் சொல்லிவிட்டு, அதன் பிறகு உங்கள் மறுப்பைத் தொடங்குங்கள். இறந்த மனிதருக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, அவருக்காக அழ ஒருவர் இல்லை. யானையின் சாவோ, மண்டியிடுவதும் எழுவதும் விழுவதும் அரை மணி நேரம் மூச்சிரைப்பதுமாகப் பத்தி பத்தியாக நீள்கிறது. பேரரசின் கொடுமையை எடுத்துக்காட்டும் ஒரு கட்டுரை, அந்தப் பேரரசின் அடித்தட்டில் கிடந்தவரை ஆள்பவரின் மனச்சான்றைப் பேசுவதற்கான ஒரு சான்றுப்பொருளாக மட்டும் பயன்படுத்திக்கொள்கிறது என்று நீங்கள் வாதிடலாம். உங்களுக்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது: சேற்றில் புதைந்த அந்த முகத்தையும், திறந்த கண்களையும், தாங்க முடியாத வேதனையில் வெளிப்பட்ட பற்களையும் ஆர்வெல் மிக அருகிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார், இறந்தவர்கள் அமைதியாகத் தெரிவார்கள் என்ற பேச்சையே அங்கே அவர் மறுக்கிறார். அந்த வரிகள் உங்கள் வாதத்தை எவ்வளவு தளர்த்துகின்றன என்று நேர்மையாக அளந்து சொன்னால் கட்டுரை வலுப்பெறும்.

தோழி சொல்வதில் பாதிதான் பயன்படும். அந்தச் சொற்கள் ஏன் அன்று கூசாமல் எழுதப்பட்டன என்பதைக் காலம் விளக்கும். அவை இந்தக் கட்டுரைக்குள் என்ன வேலை செய்கின்றன என்பதைக் காலம் விளக்காது. அந்த வரியை வாசித்தபோது உங்களுக்கு நேர்ந்ததை 'நான்' என்று தன்மையிலேயே ஒரு பத்தியில் எழுதுங்கள். பல ரைட்டிங் வகுப்புகளில் அதற்குத் தடை இல்லை. இருந்தாலும் உங்கள் பேராசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: என் மகளுக்குப் பதினெட்டு வயது. உலகம் போற்றும் எழுத்தாளர்களின் கட்டுரைகளில் எது சரி, எது தவறு என்று எழுதச் சொல்கிறார்களாம். நாங்கள் படித்த காலத்தில் ஆசிரியர் சொன்ன பொருளை எழுதினோம். படித்து முடிப்பதற்கு முன்பே விமர்சிக்கப் பழக்குவது ஆணவத்தை வளர்க்காதா? நம் மரபுக்கு இது ஒத்துவருமா?
– தந்தை, மதுரை

பதில்: மரபைப் பொறுத்தவரை நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நூல் எழுதுபவர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறைகளை ஏழாக வகுக்கிறது: உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதம் (கருத்து) மேற்கொண்டு களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிறுவுதல், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கத்தைத் துணிதல், பிறர் நூற் குற்றம் காட்டல், பிறர் எவரோடும் சேராமல் தன் கருத்தையே கொள்ளுதல். உங்கள் மகளின் வகுப்பில் கற்பிக்கப்படுபவற்றில் பெரும்பகுதி இந்த ஏழுக்குள் அடங்கிவிடும். குற்றம் காட்டுவது ஏழில் ஒன்று மட்டுமே என்பதையும், பட்டியல் உடன்படுவதில் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். மூன்றாவது முறை, அதாவது பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் அதைக் களைவது, முதல் கேள்விக்கான பதிலில் வந்த பேச்சுவார்த்தை வாதத்தைக் கிங் கையாண்ட விதத்துக்கு மிக அருகில் வருகிறது.

உரையாசிரியர்களும் இதைத்தான் செய்தார்கள். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முன் உரை எழுதிய இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்றே மதிப்போடு சுட்டுகிறார். பிறகு, அவர் கொண்ட பொருள் எந்தக் காரணத்தால் பொருந்தாது என்று தயங்காமல் மறுக்கிறார். மதிப்பும் மறுப்பும் ஒரே பத்தியில் இருப்பது அவர்களுக்கு இயல்பாக இருந்தது. ஆசிரியர் சொன்ன பொருளை மட்டும் எழுதுவது என்ற வழக்கத்துக்கு அந்த மரபைவிட நம் தேர்வுமுறைதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

ஆணவம் பற்றிய உங்கள் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வாசிக்கும்போதே ஓட்டை தேடும் பழக்கம் அமெரிக்க வகுப்புகளில் மிகுந்துவிட்டது என்று அந்நாட்டவர்களே வருந்தியிருக்கிறார்கள். எழுத்துப் பயிற்சியாசிரியர் பீட்டர் எல்போ 1973இல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில், ஐயுற்று வாசிக்கும் ஆட்டத்தோடு நம்பி வாசிக்கும் ஆட்டத்தையும் மாணவர்கள் ஆட வேண்டும் என்று வாதிட்டார். ஏற்க முடியாத ஒரு கருத்தை, அது உண்மை என்று சிறிது நேரம் வைத்துக்கொண்டு, அப்படியானால் எதெல்லாம் புலப்படுகிறது என்று பார்ப்பதுதான் இரண்டாவது ஆட்டம். மகளிடம் அடுத்த முறை பேசும்போது, அவள் மறுத்து எழுதிய கட்டுரையின் ஆசிரியர் தரப்பை உங்களுக்கு எடுத்துச் சொல்லும்படி கேளுங்கள். ஆசிரியருக்கே ஒப்பும்படி அவளால் சொல்ல முடிந்தால் அவள் படிப்பு சரியான வழியில்தான் போகிறது.

கேள்வி: ஒரு கட்டுரையை எத்தனை முறை வாசிக்க வேண்டும்? மஞ்சள் ஹைலைட்டரால் பக்கம் முழுவதையும் பூசிவிடுகிறேன். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் நினைவில் இல்லை.
– மாணவி, டொராண்டோ

பதில்: ஹைலைட்டரை மூடி வையுங்கள், கோடிடுவது முக்கியமானதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பதற்கான வழியாகிவிடுகிறது. முதல் முறை எதையும் குறிக்காமல் ஒரே மூச்சில் வாசியுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் இரண்டு குறிப்புகள் எழுதுங்கள்: இந்தப் பத்தி என்ன சொல்கிறது, இந்தப் பத்தி என்ன செய்கிறது. 'செய்கிறது' என்பதற்கு எதிர்வாதத்தை எடுத்துவைக்கிறது, சான்று தருகிறது, ஒன்றை ஒப்புக்கொள்கிறது, வாசகரை நெகிழ வைக்கிறது என்பன போன்ற விடைகள் வரும். மூன்றாம் முறை முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை. உங்களால் 'செய்கிறது' என்ற குறிப்பை எழுத முடியாமல் போன பத்திகளை மட்டும் வாசியுங்கள், மறுமொழிக்கான கேள்வி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். முக்காற் (மூன்று முறை) கேட்பின் முறையறிந்து உரைக்கும் என்று நன்னூல் கேட்பதற்குச் சொன்ன கணக்கு வாசிப்பதற்கும் சரியாகவே வருகிறது.

கேள்வி: ஜோனாதன் ஸ்விஃப்டின் கட்டுரை ஒன்றில் ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்ற யோசனை வருகிறது. எங்கள் குழுவில் ஒருவர் அதை உண்மையான யோசனை என்றே எடுத்துக்கொண்டு கடுமையாகக் கண்டித்து எழுதிவிட்டார். எள்ளலை எள்ளல் என்று எப்படி அடையாளம் காண்பது?
– மாணவர், சிகாகோ

பதில்: அந்த மாணவரைக் கேலி செய்யாதீர்கள். ஸ்விஃப்ட் டப்ளினில் ஒரு தேவாலயத்தின் தலைமைக் குருவாக இருந்தவர். 1729இல் அந்தக் கட்டுரையைத் தம் பெயர் போடாமல் வெளியிட்டார். அதில் பேசுபவர், வறுமையை ஒழிக்கத் திட்டம் வைத்திருக்கும் ஒரு கணக்கர் போன்றவர். அயர்லாந்தின் மக்கள்தொகை 15 லட்சம், ஆண்டுக்குப் பிறக்கும் ஏழைக் குழந்தைகள் 1,20,000, அவற்றில் 20,000ஐ இனப்பெருக்கத்துக்கு ஒதுக்கினால் மீதி 1,00,000 விற்பனைக்கு, ஒன்றின் விலை பத்து ஷில்லிங் என்று நிதானமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போகிறார். குரலில் எங்கும் பதற்றம் இல்லாததால் அவசரமாக வாசிப்பவர் ஏமாறுவது இயல்புதான்.

அடையாளம் கட்டுரையின் பிற்பகுதியில் இருக்கிறது. வேறு தீர்வுகளைப் பற்றி யாரும் என்னிடம் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேசுபவர் அந்த வேறு தீர்வுகளை வரிசையாகத் தள்ளுகிறார்: அயர்லாந்தில் வாடகை வாங்கிக்கொண்டு வெளிநாட்டில் வாழும் நிலக்கிழார்கள் மீது வரி விதிப்பது, உள்நாட்டில் செய்த துணியையும் சாமான்களையுமே பயன்படுத்துவது, குத்தகைதாரர்களிடம் நிலக்கிழார்கள் சிறிதேனும் இரக்கம் காட்டுவது. தள்ளப்படும் பட்டியல் முழுவதும் அறிவுக்கு ஒத்தது, ஏற்கப்படும் ஒரே யோசனை கொடூரமானது. பேசுபவரும் எழுதியவரும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆனால் "இது எள்ளல்" என்று கண்டுபிடித்ததோடு மறுமொழி முடிந்துவிடாது. பல மாணவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இந்த எள்ளல் யாரைத் தாக்குகிறது? ஆங்கில ஆட்சியையா, ஐரிஷ் நிலக்கிழார்களையா, மனிதரை எண்ணிக்கையாகப் பார்க்கும் பொருளாதாரத் திட்டக்காரர்களையா, தங்கள் நாட்டுப் பொருளை வாங்காத ஐரிஷ் மக்களையுமா? ஏழைத் தாய்களை ஈனும் விலங்குகளுக்குரிய சொல்லாலேயே பேசுபவர் குறிப்பிடும் இடங்களில், எள்ளலின் கூர்மை சில சமயம் ஏழைகள் மீதே பட்டுவிடுகிறதா? கடைசிக் கேள்வியை எடுத்து எழுதினால் நல்ல விவாதம் கிடைக்கும்.

கேள்வி: பியர் ரிவ்யூவில் சக மாணவர்களின் டிராஃப்டுக்குக் கருத்து எழுத வேண்டும். குறை சொன்னால் மனம் வருந்துவார்களோ என்று "நன்றாக இருக்கிறது, சில இலக்கணப் பிழைகள் உள்ளன" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். எனக்கும் அப்படித்தான் திரும்பி வருகிறது.
– மாணவி, சான் ஹோசே

பதில்: இருவருக்குமே அதில் பயன் இல்லை. தோழர் எழுதிய கட்டுரைக்கும் ஆர்வெல்லுக்கும் ஒரே முறைதான்: அவர் சொல்ல வருவது இது என்று நான் புரிந்துகொண்டேன் என ஒரு வாக்கியத்தில் முதலில் எழுதுங்கள். அந்த ஒரு வாக்கியம் பல சமயங்களில் பத்துக் குறைகளைவிட அவருக்கு உதவும். ஏனென்றால் அவர் சொல்ல நினைத்ததும் நீங்கள் புரிந்துகொண்டதும் வேறாக இருந்தால் அவரே பதறிப்போய்த் திருத்திக்கொள்வார்.

அடுத்து, சொல்லாமல் விட்ட காரணத்தைத் தேடுங்கள். ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவ அறிஞர் 1958இல் வாதத்தின் அமைப்பைப் பிரித்துக் காட்டியபோது, கூற்று, அதற்கான சான்று ஆகியவற்றோடு, சான்றிலிருந்து கூற்றுக்குப் போக நம்மை அனுமதிக்கும் பொது ஏற்பு ஒன்றும் இருக்கிறது, பல நேரங்களில் அது வெளியே சொல்லப்படுவதில்லை என்றார். உங்கள் தோழர், அறைத்தோழன் கைப்பேசியை ஒதுக்கிய பிறகு மதிப்பெண் உயர்ந்தது, ஆகவே எல்லா வகுப்புகளிலும் கைப்பேசியைத் தடை செய்ய வேண்டும் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தானாக விட்டதால் கிடைத்த பயன், எல்லோரையும் கட்டாயமாக விடச் செய்தாலும் கிடைக்கும் என்ற ஏற்பு நடுவில் ஒளிந்திருக்கிறது. "வாதம் பலவீனம்" என்று எழுதினால் அவர் வருந்துவார், "இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள படியை என்னால் ஏற முடியவில்லை, அதை எழுதிக் காட்டுவீர்களா?" என்று எழுதினால் வேலை செய்வார். இலக்கணப் பிழைகளைக் கடைசி டிராஃப்ட் வரை தொட வேண்டாம். நீக்கப்படப் போகும் பத்தியின் காற்புள்ளிகளைத் திருத்துவதில் பொருளில்லை.

கேள்வி: கட்டுரை நீளமாக இருந்தால் ஏஐ செயலியிடம் சுருக்கம் வாங்கிக்கொண்டு மறுமொழியை மட்டும் நானே எழுதுகிறேன். இதில் தவறு உண்டா?
– மாணவர், சிங்கப்பூர்

பதில்: கல்லூரியின் விதி என்ன என்பதை முதலில் உங்கள் பாடத்திட்டத் தாளில் பாருங்கள்; அது அனுமதிக்கவில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அனுமதித்தாலும், சுருக்கத்துக்கு மறுமொழி எழுதினால் அது அந்தச் சுருக்கத்துக்கான மறுமொழியாகத்தான் இருக்கும். கிங்கின் கடிதத்தைச் சுருக்கினால் அந்த முந்நூறு சொல் வாக்கியம் "பொறுத்திருக்க முடியாது என்கிறார்" என்றாகிவிடும். ஆர்வெல்லின் கட்டுரையைச் சுருக்கினால் இறந்த மனிதர் "ஒரு தொழிலாளி" ஆகிவிடுவார். நியூ ஜெர்சி மாணவர் நின்ற இடமே மறைந்துபோகும். நீங்களே வாசித்து, நீங்களே சுருக்கம் எழுதிவிட்டு, செயலியின் சுருக்கத்தோடு ஒப்பிட்டு, அது எதை விட்டிருக்கிறது என்று பார்ப்பது வேறு. அதில் எனக்கு மறுப்பில்லை.

கேள்வி: கலைக் கல்லூரியில் முதலாண்டு ஆங்கிலப் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் அறுபது பேர். தேர்வில் கேட்பது பாடத்தின் சாரத்தைத்தான். இந்த முறையை இங்கே கொண்டுவர வழி உண்டா?
– உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். நாளிதழ்த் தலையங்கம் ஒன்றை ஒரு பக்கத்துக்கு மிகாமல் தேர்ந்தெடுத்து எல்லோருக்கும் கொடுங்கள்; உங்கள் மாணவர்களுக்கு அக்கறையுள்ள பொருளாக இருக்கட்டும். பாதிப் பேர் அந்தத் தலையங்கத்தின் கருத்தை ஐந்து வரிகளில் எழுதட்டும். மீதிப் பாதி பேர், தலையங்க ஆசிரியரின் இடத்தில் தங்களை வைத்துக்கொண்டு, அந்த ஐந்து வரிகளைத் தங்கள் கருத்தாக ஒப்புக்கொள்வார்களா, எந்தச் சொல்லை மாற்றச் சொல்வார்கள் என்று குறிக்கட்டும். இருவரும் ஒத்துப்போன பிறகுதான் மறுப்போ உடன்பாடோ எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் முதல் பகுதியே முடியாது. அடுத்த வாரத்துக்கு ஒத்திவைப்பதில் தவறில்லை. அறுபது தாள்களையும் நீங்கள் திருத்த வேண்டாம், இணைகளாகப் பிரித்து அவர்களையே ஒருவர் தாளை ஒருவர் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு வாரமும் ஐந்தாறு தாள்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். தேர்வில் கேட்கப்படும் சாரமும் இந்தப் பயிற்சியால் மேம்படும் என்பதால் துறைத் தலைவரிடம் அனுமதி கேட்பது அவ்வளவு கடினமாக இருக்காது.